வக்கீலை மாற்றாத இசக்கிபாண்டி

இசக்கிபாண்டிக்குப் பிடிவாதம் என்றால் அப்படியொரு பிடிவாதம். விளாத்திகுளம் பக்கம் ஆடு மேய்க்கிற மனுஷன், கோவில்பட்டி வக்கீல் மந்திரமூர்த்தியைச் சாமிக்கு அடுத்தபடியாக வைத்திருந்தார். காரணம் இல்லாமல் இல்லை. ஊர் ஆடெல்லாம் மேய்கிற தரிசை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி முள்கம்பி போட வந்தபோது, கோர்ட்டில் இவர் பேரில் வழக்குப் போட்டுத் தடை வாங்கிக் கொடுத்தவர் அவர்தான். அந்தத் தரிசை விட்டால் ஆடுகளுக்குப் போக்கிடம் கிடையாது. சுற்றிலும் மிளகாயும் பருத்தியும். வாய் வைத்தால் வம்பு.

தொண்ணூற்றாறில் வக்கீல் எம்.எல்.ஏ. ஆனார். இசக்கிபாண்டி கிடாய் வெட்டி ஊருக்கே சோறு போட்டார். வழக்கு மட்டும் வாய்தா வாய்தாவென்று இழுத்தது. சட்டசபையில் கல்வி பற்றி வக்கீல் பேசிய பேச்சுக்கு நல்ல பெயர். பதவிக்காலம் முடிந்ததும் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகப் போட்டார்கள். கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டார்.

அவருடைய ஜூனியர் செல்வகணேஷ் சொல்லிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, சார் இனிமே கோர்ட்டுக்கு வர முடியாது. வேற வக்கீல் வைக்கச் சம்மதம்னு அவியகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க, கேஸை நான் நடத்துதேன். நானே கேட்டா தட்டிப் பறிக்கேன்னு ஆயிரும்."

"எப்படித் தம்பி கேக்கது? நீங்க வேண்டாம்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரில்லா இருக்கும்."

மனைவி ஆவுடைத்தாய் விடவில்லை. "கூச்சப்பட்டுக்கிட்டே இருந்தா ஆடு என்னத்தத் திங்கும்?" என்று திட்டி ரயிலேற்றிவிட்டாள்.

துணைவேந்தர் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். இவர் கொண்டுபோன கடலைமிட்டாயைப் பிட்டு வாயில் போட்டபடி, "நம்ம கேஸ் எப்படிப் போகுது?" என்று கேட்டார். நம்ம கேஸ் என்றாரே, அதில் விழுந்துவிட்டார் மனுஷன்.

"அதுக்கென்ன, நல்லாப் போகுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். அட, வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

அடுத்த வாய்தாவில், இவர் பக்கம் பேச வக்கீல் இல்லையென்று வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். தடையும் அதோடு போயிற்று. தரிசைச் சுற்றிக் கம்பி விழுந்தது. ஒரு கோடை முழுக்க மல்லுக்கட்டிப் பார்த்தார்; ஆடுகள் எலும்பும் தோலுமாகிவிட்டன. எட்டயபுரம் சந்தையில் கடைசி உருப்படியையும் விற்றுவிட்டு வந்த அன்று சோறு இறங்காமல் அழுதார். பிறகு கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் வாட்ச்மேன் வேலை.

ஒரு கல்யாணத்துக்கு ஊருக்கு வந்த மந்திரமூர்த்தி, செல்வகணேஷ் சொல்லக் கேட்டுப் பதறிப்போய் அந்த வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏன் இசக்கி, அன்னைக்கே சொல்லியிருந்தா உடனே கையெழுத்துப் போட்டிருப்பேனே."

"உங்களப் போயி எப்படி வேண்டாம்னு சொல்லுவேன், வக்கீலய்யா?"

சோறு கொண்டுவந்திருந்த ஆவுடைத்தாய் தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "இவிய சொல்லல, சரி. கோட்டைக் கழத்துன அன்னைக்கு, என் கேஸெல்லாம் யாரு பாக்கான்னு நீங்க கேட்டிருக்கலாம்லா?"

துணைவேந்தருக்குத் தலை நிமிரவில்லை.

"ஏட்டி, சும்மா இரி. அவியளுக்கு ஆயிரம் சோலி" என்றார் இசக்கிபாண்டி. தன் நாற்காலியைத் துண்டால் துடைத்து அவருக்குப் போட்டார்.