சவரிமுத்து அன்று காலை சொன்னது

சவரிமுத்து இறந்த செய்தி நான்கு நாள் தாமதமாக என்னை வந்தடைந்தது. கொண்டுவந்தவர் அவருடைய மனைவி லூர்தம்மா. லிந்துலையிலிருந்து பஸ் ஏறி அட்டனுக்கு வந்து, நான் நீதிமன்றத்திலிருந்து மதியம் திரும்பும்வரை வழக்குக்காரர்களைச் சந்திக்கும் என் கந்தோர் வாசலிலேயே நின்றிருக்கிறார். உட்கார மர வாங்கு இருந்தது, உட்காரவில்லை.

“அவரு போயிட்டாருங்கய்யா. வியாழக்கிழம வெடியக்கால. நெஞ்சுல சளி கட்டியிருந்துச்சு. டிஸ்பென்சரிக்குப் போவோமுன்னேன். வெயிலு வரட்டும்னாரு. நாலு நாளா எங்க வெயிலு வந்துச்சு.”

முப்பதாம் நாள் பூசையன்று அவரைப் பற்றி ஒரு தாள் அச்சிட்டு எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று பங்குச் சாமியார் சொன்னாராம். அதை நான் எழுதித்தர வேண்டும் என்று லூர்தம்மா கேட்டார். ஒப்புக்கொண்டேன். படியிறங்கப் போனவர் திரும்பி நின்றார்.

“இன்னொன்னு கேக்கணுங்கய்யா. அந்தக் குதிர செத்த அன்னைக்கு, கால் சரியில்லன்னு அவரு சொன்னாரா, சொல்லலையா? லயத்துல இன்னும் பேசுறாங்க, பாக்காம விட்டுக் குதிரயக் கொன்னவன்னு. நான் கேட்டா, ‘பெரக்டரய்யாவக் கேளு, அவருக்குத் தெரியும்’னுவாரு. இத்தன வருஷமா நான் கேக்கல.”

“எழுதித் தர்றேன்மா” என்றேன். அது அவருடைய கேள்விக்குப் பதில் அல்ல. அதை அவரும் அறிந்திருப்பார். தலையசைத்துவிட்டு பஸ்ஸுக்குப் போனார். ஆகவே இந்தத் தாளில் சவரிமுத்துவை நினைவுகூர்வதோடு, அந்தக் கேள்விக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நீங்கள் குடியிருக்கும் லயத்திலும் கோயிலிலும் அவரை அறிந்த உங்களில் பலர், அவர் குதிரைகளோடு இருந்த காலத்தில் அவரைக் கண்டிருக்கமாட்டீர்கள். லிந்துலைப் பக்கத்துத் தோட்டத்துரை ஒருவர், நுவரெலியாவின் ஏப்ரல் பந்தயங்களுக்காகச் சில குதிரைகள் வைத்திருந்தார். அவற்றைப் பராமரித்த குதிரைக்காரர் சவரிமுத்து. நான் அட்டனில் வக்கீல் தொழில் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன புரொக்டர். பந்தயக் குழு என்னிடம் இரண்டு வேலைகளை ஒப்படைத்திருந்தது. ஒவ்வொரு குதிரையின் நிறத்தையும் வயதையும் அடையாளங்களையும் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது ஒன்று. ஒரு குதிரை ஓடாது என்று அதன் உரிமையாளர் அறிவித்தால் அந்த அறிவித்தலைப் பெற்றுக்கொள்வது மற்றது. எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

முதல் பருவத்தில், இரண்டு வயதுக் குதிரைகள் ஐந்து பர்லாங் ஓடும் நாளின் காலையில், அன்றைக்கு ஓடவிருந்த எட்டையும் லாயத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனேன். அவற்றுள் ஒன்று எண்ணெய் தடவியதைப் போல மினுங்கிற்று. எல்லோரும் அதன் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் அதன்முன் சற்று அதிக நேரம் நின்றுவிட்டேன் போலும். பக்கத்து அறையில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்த சவரிமுத்து தலை நிமிர்த்தாமலே பேசினார்.

“அய்யா, அதோட பின்னந்தொடைக்கு நடுவுல பாருங்க.”

பார்த்தேன். வியர்வை வெள்ளை நுரையாகக் கட்டியிருந்தது. வெளியே புல்லில் பனி இன்னும் காயவில்லை.

“இந்தக் குளிர்ல வேர்க்குது. லாயத்துலயே பந்தயத்த ஓடி முடிச்சிருச்சுங்க. இனி வெளிய கொண்டுபோறது சும்மா ஊருக்குக் காட்டத்தான்.”

அது ஆறாவதாக வந்தது. முதலில் வந்தது, காலையில் தீனித்தொட்டியை நக்கித் துடைத்துவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த குட்டையான சாம்பல் நிறக் குதிரை. அதைப் பற்றி என் பதிவேட்டில் “நெற்றியில் சிறு வெள்ளைப் புள்ளி” என்று மட்டுமே இருந்தது.

அதன்பின் ஒவ்வொரு பருவத்திலும், என் வேலை முடிந்ததும் அவர் பார்க்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது என் வழக்கமாயிற்று. முதலில் தொட்டியில் மீந்த தீனியைப் பார்ப்பார். பிறகு சாணத்தை. காலைக் கடைசியாகத்தான் தொடுவார். குதிரையை நடத்திக்கொண்டு போகும்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். அது திரும்பி வரும்போதுதான் கண்ணை எடுக்கமாட்டார். “போறப்ப எல்லாமே நல்லாத்தாங்க போகும். திரும்பி வர்றப்பத்தான் உள்ளது தெரியும்” என்பார். மற்றக் குதிரைக்காரர்கள் அவரைச் சீண்டாமல் விடமாட்டார்கள். கருப்பையா என்பவர் ஒருநாள் என் முன்னாலேயே சொன்னார்:

“அய்யா, சவரியண்ணன் பொண்டாட்டி கையப் புடிச்சதவிட குதிர காலப் புடிச்சதுதான் கூட.”

“குதிர ஒதைக்க முன்ன காதப் பின்னுக்கு மடக்கிச் சொல்லிட்டு ஒதைக்கும்டா. ஒங்க அக்கா அப்பிடியா?” என்றார் சவரிமுத்து, பிடித்த காலை விடாமலே. லூர்தம்மா இதை மன்னிப்பார் என்று நம்புகிறேன்.

இரண்டு வயதுக் குதிரைகளிடம் அவருக்கு ஒரு தனி அச்சம் இருந்தது. காரணத்தை ஒருமுறை கேட்டேன். “பெரிய குதிர வலிச்சா நின்னுக்குமுங்க. அதுக்கு அனுபவம் இருக்கு. இதுக்கு அதுதான் மொத வலி. வலின்னே தெரியாது. ஓடுன்னா ஓடிரும்” என்றார். எலும்பு முற்றாத வயதில், முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் சூடேறும் என்றும், அதைக் கண்ணால் பார்க்க முடியாது, உள்ளங்கை காய்த்தவன் தொட்டாலும் தெரியாது, புறங்கையை வைத்துத்தான் அறிய வேண்டும் என்றும் அவர் சொன்னது நினைவிருக்கிறது.

இனி அந்த நாள்.

துரையின் குதிரைகளுள் இரண்டு வயதுப் பெட்டை ஒன்று இருந்தது. பதிவேட்டில் அதற்கு நீண்ட ஆங்கிலப் பெயர். சவரிமுத்து அதைச் சிட்டு என்று அழைத்தார். அன்று அது தன் முதல் பந்தயம் ஓட வேண்டும். ஓடாதென்றால், உரிமையாளரோ அவர் அதிகாரம் அளித்தவரோ காலை எட்டு மணிக்குள் எழுத்துமூலம் அறிவிக்க வேண்டும் என்பது விதி. ஆறரை மணிக்கு நான் லாயத்துக்குப் போனபோது, சவரிமுத்து எனக்காகக் காத்திருந்தார்.

“அய்யா, சிட்டு ஓடக்கூடாதுங்க. முன்னங்கால் சூடா இருக்கு. இடது.”

“தொரைக்குச் சொன்னீங்களா?”

“நேத்து ராத்திரியே பங்களாவுக்குப் போனேங்க. தொரை விருந்தாளிங்களோட இருக்காரு, அப்புறம் வான்னு சமையக்கார அப்பு கதவச் சாத்திட்டான். நீங்க ஒரு கடதாசி எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்.”

“அறிவித்தலை வாங்கிக்கிறவன் நான். நானே அத எழுதிக் குடுக்கிறது முறையில்லீங்க. உங்க கையெழுத்தும் செல்லாது.”

அவர் என் வலக்கையின் மணிக்கட்டைப் பிடித்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் என்னைத் தொட்டதில்லை. என்னைக் குனியவைத்து, என் புறங்கையை முதலில் குதிரையின் வலக்காலில் வைத்தார். ஈரக் கல்லைப் போலக் குளிர்ந்திருந்தது. பிறகு இடக்காலில் வைத்தார். அங்கே சூடாக இருந்தது. சந்தேகத்துக்கு இடமில்லை, தேநீர்க் கோப்பையின் புறத்தைத் தொட்டதுபோல் இருந்தது. சிட்டு குனிந்து என் தொப்பியை மோந்து பார்த்தது.

“இப்ப ஒங்களுக்கும் தெரியும்” என்றார்.

எட்டு மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. துரையின் பங்களாவுக்கு என் காரில் இருபது நிமிடம். அப்பு எனக்குக் கதவைச் சாத்தியிருக்கமாட்டான். நான் போகவில்லை. மற்றக் குதிரைகளின் அடையாளங்களை ஒப்பிட்டேன். எட்டு மணிக்குப் பதிவேட்டை மூடினேன்.

பிற்பகல் பந்தயத்தில் முதல் மூன்று பர்லாங்கும் சிட்டுதான் முன்னால் போனது. வளைவில் இடது முன்னங்கால் முறிந்தது. மேலிருந்த ஜொக்கி விழுந்து, தோள்பட்டை எலும்பு முறிந்து ஆறு மாதம் வேலையின்றிக் கிடந்தார். குதிரையை அங்கேயே சுட்டார்கள். அதுவரை சவரிமுத்து அதன் தலையைத் தன் மடியில் வைத்திருந்தார். விலகச் சொன்னபோது விலகினார்.

மாலையில் குழுவின் அறையில் விசாரணை நடந்தது. ஆங்கிலத்தில் நடந்ததால் சவரிமுத்துவுக்கு நானே மொழிபெயர்த்தேன். தனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்றார் துரை. அவரளவில் அது உண்மை. தலைவர் சவரிமுத்துவிடம் கேட்ட கேள்வி இது: “குதிரையின் நிலை பற்றி நீ யாருக்காவது அறிவித்தாயா?” நான் அதைத் தமிழில் இப்படிக் கேட்டேன்: “குதிர சரியில்லன்னு யாருக்காவது எழுத்துல அறிவிச்சீங்களா?”

“எழுத்துல” என்ற சொல் தலைவர் சொன்னதில் இல்லை. அதை நான் சேர்த்தேன். விதியின்படி அறிவித்தல் என்றாலே எழுத்துமூலமானதுதான், ஆகவே மொழிபெயர்ப்பு பிழையற்றது என்று அந்தக் கணத்தில் என்னால் நினைக்க முடிந்தது. சவரிமுத்து என்னைப் பார்த்தார். நான் என் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எழுத்துல இல்லீங்க” என்றார்.

“இல்லை என்கிறார்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவ்வளவுதான். அன்றே அவரை லாயத்திலிருந்து நீக்கினார்கள். வேறெந்த லாயமும் அவரைச் சேர்க்கவில்லை. லூர்தம்மா கொழுந்து பறித்த தோட்டத்துக்குப் போய், லயத்தில் மனைவியின் ஒற்றை அறைக் காம்பராவில் குடியிருந்து, சாகும்வரை புல் வெட்டினார். அவரை உங்களுக்குப் புல் வெட்டியவராகத்தான் தெரியும்.

நான் ஏன் அந்தச் சொல்லைச் சேர்த்தேன் என்று பல வருடங்களாக எனக்கு நானே விளக்கம் சொல்லிவந்திருக்கிறேன். விதி, முறை, என் அதிகார எல்லை என்று எல்லாவற்றையும் சொல்லியாயிற்று. வேறொருவரின் வழக்கில் அவற்றை நான் நன்றாகவே வாதாடியிருப்பேன். உண்மை அதைவிடச் சிறியது. காலையில் தெரிந்தும் நான் எதுவும் செய்யவில்லை என்பது அந்த அறையில் வெளிவந்திருக்கும். அங்கிருந்த துரைமாரின் தோட்ட வழக்குகள்தான் என் கந்தோரை நடத்தின. அடுத்த ஏப்ரலிலும் பந்தயக் குழு என்னையே அழைத்தது. நானும் போனேன்.

அந்தப் பருவத்தில் வேலிக்கு வெளியே, கூட்டத்தோடு கூட்டமாக அவர் நிற்பதைக் கண்டேன். “உள்ள வாங்க” என்றேன். “வேணாங்கய்யா. திரும்பி வர்றதப் பாத்துட்டுப் போயிருவேன்” என்றார்.

பிறகு அவருடைய பிரசாவுரிமை மனு விசாரணைக்கு வந்தது. லாயத்தில் இருந்த வருடங்களிலும் இந்த நாட்டிலேயே வாழ்ந்தார் என்று காட்ட அவரிடம் எந்த ஆதாரமும் இல்லை; நீக்கியவர்கள் கடிதம் ஏதும் கொடுத்திருக்கவில்லை. அந்த வருடங்களில் அவரை நுவரெலியாவில் நேரில் அறிவேன் என்று நான் சத்தியக் கடதாசி முடித்துக் கொடுத்தேன். முடிக்குமுன் அதை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டார்.

“என்னைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்களேய்யா” என்றார். முகத்தில் சிரிப்பு இருந்தது. பிறகு, “வேற ஏதும் சேக்கணுமாங்கய்யா?” என்றார்.

தாளில் பாதிப் பக்கம் வெறுமையாக இருந்தது. பேனா என் கையில் இருந்தது. அவர் அவசரப்படவில்லை. அவர் எனக்கு இடம் விட்டுக் காத்திருந்தார் என்று இன்று நினைக்கிறேன். “இல்லீங்க, போதும்” என்றேன். அவர் எழுந்து, கதவருகே தம் குடையை எடுத்துக்கொண்டு போனார். மனுவின் முடிவு வருமுன் அவர் இறந்துவிட்டார்.

லூர்தம்மா, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. சொன்னார். பந்தய நாள் காலை ஆறரை மணிக்கு, சிட்டுவின் இடது முன்னங்கால் சூடாக இருக்கிறது, அது ஓடக்கூடாது என்று என்னிடம் சொன்னார். அதற்கு முன்பே துரையின் பங்களாவுக்கும் போனார். சொன்னது போதாதென்று என் கையைப் பிடித்துக் காட்டவும் செய்தார். அவர் பார்க்காமல் விடவில்லை. குதிரையை ஓடவிட்டதில் அவருக்குப் பங்கில்லை. தடுத்திருக்கக்கூடியவன் நான், தடுக்கவில்லை. அதன்பின் விசாரணையில் அவர் சொல்லவிருந்ததை அவர் வாய்க்கு வருமுன் நான் மறித்தேன். இவை யாவும் உண்மை. பந்தயக் குழுவுக்கும் இன்று இதையே எழுதி அனுப்பியிருக்கிறேன். பூசை முடிந்ததும் இந்தத் தாளை யாரேனும் எழுந்து நின்று உரக்க வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வாசிக்கத் தெரியாதவர்களும், அவரைப் பற்றி லயத்தில் பேசியவர்களும் அங்கே இருப்பார்கள்.

அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த பொருள் எதுவும் இல்லை. அவர் வைத்த இடத்தில், என் வலது புறங்கையில், அந்தச் சூடு மட்டும் இருக்கிறது. குளிர்ந்த காலைகளில் அந்தக் கையை மற்றக் கையால் மூடிக்கொள்கிறேன். குளிருக்கு என்றுதான் என் வீட்டார் நினைக்கிறார்கள்.