தனிமைக்கு ஆள் சேர்த்தது

முப்பத்தெட்டு வயதில் உளவியல் முதுமாணிப் படிப்புக்குச் சேர்ந்தேன். மொன்ட்ரியாலில் தனியாக வசிக்கும் வயதான ஈழத்தமிழர்கள் எவ்வளவு தனிமையை உணர்கிறார்கள் என்பதை ஆய்வு செய்ய எடுத்துக்கொண்டேன். கணக்குப் போட்டதில் குறைந்தது எண்பது பேர் வேண்டுமென்று வந்தது. அதற்குக் குறைந்தால் முடிவை நம்ப முடியாது என்றார் பேராசிரியர்.

எண்பது பேருக்கு எங்கே போவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, சின்னம்மா பொறுப்பை எடுத்துக்கொண்டார். சின்னப்பா இறந்த பிறகு அவரும் நகரின் கார்ட்டியர்வில் பகுதியில் தனியாகத்தான் இருக்கிறார். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்தால் ஆட்களைத் தானே பிடித்துத் தருவதாகச் சொன்னார்.

பிடித்துத்தான் தந்தார். வினாக்கொத்தை நிரப்பினால்தான் அன்னதானச் சாப்பாடு என்று தன்பாட்டில் ஒரு விதியும் போட்டிருந்தார். விரும்பியவர்கள் மட்டும் நிரப்பினால் போதுமென்று நான் மேசை மேசையாகப் போய்ச் சொல்லவேண்டியிருந்தது. யாரும் எழுந்து போகவில்லை. ‘கதைக்க யாருமில்லை என்று உணர்கிறீர்களா?’ என்ற கேள்வி வந்ததும் ஒரு மாமி பக்கத்து மாமியிடம் கலந்து பேசினார். இருவரும் ‘ஒருபோதும் இல்லை’ என்று குறித்தார்கள்.

சில வெள்ளிக்கிழமைகளுக்குள் எண்பது பேரும் சேர்ந்துவிட்டார்கள். அவர்களில் தனிமையை உணர்ந்தவர் ஏறக்குறைய எவருமில்லை. பேராசிரியர் முடிவுகளைப் பார்த்துவிட்டு, இவர்களை எங்கே சந்தித்தாய் என்று கேட்டார். கோயில் அன்னதானத்தில் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. பனியிலும் பஸ் பிடித்து வந்து ஊரோடு கூடிச் சாப்பிடுகிறவர்களிடம் தனிமை உண்டா என்று கேட்டிருக்கிறேன்.

அந்த எண்பதும் உதவாது என்று சின்னம்மாவிடம் சொன்னபோது, கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை.

“கோயில்ல வச்சுக் கேட்டா அப்பிடித்தான் சொல்லுவம். செவ்வாய்க்கிழமை வீட்டில வச்சுக் கேட்டிருக்கோணும்,” என்றார்.

வீடுகளுக்குப் போவதென்று திட்டத்தை மாற்றி, மருந்தகங்களிலும் தமிழ்க் கடைகளிலும் அறிவித்தல் ஒட்டினேன். அழைப்புகள் மிகக் குறைவு. அதிலும் ஒருவர் வாடகைக்கு வீடிருக்கிறதா என்று கேட்டார்.

மொன்ட்ரியால்-நோர் பகுதியில் மூன்றாம் மாடியில் இருந்த ஒரு மன்னார்க்காரர் வரச் சொன்னார். தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் ஏற்கெனவே மேசையில் இருந்தன. எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்றார். கல்கரியில் இருக்கும் மகன் ஞாயிறுதோறும் தொலைபேசி எடுத்துக் கதைப்பார் என்றும் சொன்னார். கோயில்காரர்களைவிடத் தனிமை குறைந்தவராக அவரைப் பதிந்துகொண்டேன்.

வாசலில் சப்பாத்து போடும்போது கேட்டார், “அடுத்த கிழமையும் வருவீங்களோ, பிள்ளை?”

ஒருவரை ஒரு தடவைதான் கேட்கலாம் என்றேன்.

“ஓம், அது சரி. இண்டைக்குக் கொஞ்சம் அவசரப்பட்டுச் சொல்லிப்போட்டன். ஆறுதலா யோசிச்சுச் சொல்லலாம் எண்டுதான்.”

பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போதே பேராசிரியருக்கு எழுதினேன். எண்பது பேரை ஒரு தடவை கேட்பதைவிட, சிலரைப் பல தடவை போய்க் கேட்கிறேன் என்றேன். அவர் ஒத்துக்கொள்ள இரண்டு கிழமை எடுத்தது.

மன்னார்க்காரரிடம் மூன்றாம் தடவை போனபோது, நான் எதுவும் கேட்க முன்பே, “மகன் எடுக்கிறேல்லை,” என்றார். பிறகு தேத்தண்ணீர்க் கேத்திலைப் பார்க்க எழுந்து போனார். நான் அன்று பேனாவை எடுக்கவில்லை.

கடைசியில் ஆய்வில் இருந்தவர்கள் ஒன்பது பேர். மாதிரி மிகச் சிறியது என்று பரீட்சகர் ஒருவர் சொன்னார். சிறியதுதான் என்றேன். பட்டம் தந்தார்கள். மூன்றாம் மாடிக்கு இப்போதும் போய்வருகிறேன். அங்கே போவதற்கு ஆய்வுத் திட்டம் எதுவும் காட்டத் தேவையில்லை.