ஆணாகப் பிறக்க மறுத்த அம்மன்

மண்ணச்சநல்லூரில் எங்கள் அரிசி மில்லுக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் ஓர் அம்மன் இருந்தாள். ஆண் குழந்தை கொடுப்பதில் கெட்டிக்காரி என்று பெயர். நான்கு பெண்களுக்குப் பிறகு என் மாமியார் அவளைச் சுற்றித்தான் என் கணவரைப் பெற்றாராம். அவரோடு குடித்தனம் நடத்திய எனக்கு, அம்மன் அன்றைக்கு அரைத்தூக்கத்தில் இருந்திருப்பாளோ என்று அடிக்கடி சந்தேகம் வரும்.

எனக்கு இரண்டும் பெண். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் மூன்றாவதாக உண்டானபோது மாமியார் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்.

"இதுவும் பொட்டப்புள்ளைன்னா ஸ்ரீரங்கத்துல உங்க அம்மா வீட்டுலயே இருந்துக்க. திரும்பி வர வேணாம்."

கணவர் பக்கத்தில்தான் இருந்தார். பேப்பரில் மழைச் செய்தியை வெகு கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

ஆகவே செவ்வாய்தோறும் ஈரப்புடவையோடு நூற்றெட்டுச் சுற்று. வயிற்றில் இருப்பது எதுவென்று எப்போதோ முடிவாகிவிட்டது. ஏழாம் மாதத்தில் அதை மாற்றித் தரச் சொல்லிச் சுற்றிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் படித்த விஞ்ஞானமெல்லாம் எந்த மூலைக்கு!

அப்படி ஒரு செவ்வாயில் திருச்சியிலிருந்து ஒரு கல்லூரிச் சரித்திர வாத்தியார் கேமராவோடு வந்தார். பூசாரியைத் தாஜா பண்ணி, சிலைக்குக் கட்டியிருந்த புடவையை விலக்கி மஞ்சளைத் துடைக்க வைத்தார். ஒரு காலை மடித்து, மறு காலைத் தொங்கவிட்டு, வலது கையைக் கேட்டதைத் தருவதுபோல் நீட்டி, அம்மன் சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள். இவள் பௌத்தர்களின் தாரா தேவி என்றார் வாத்தியார். என்னோடு வந்திருந்த மாமியார் அதோடு விட்டிருக்கலாம். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, தாராவின் கதையைக் கேட்டார்.

அவரும் சொன்னார். முன்னொரு பிறவியில் அவள் அரசகுமாரியாம். அவளுடைய தவத்தை மெச்சிய பிக்குகள், அடுத்த பிறவியில் ஆணாகப் பிறக்க வேண்டிக்கொள், அப்போதுதான் ஞானம் கைகூடும் என்று பெரிய மனது பண்ணி யோசனை சொன்னார்களாம். ஆணாக இருந்து ஞானம் தேடத்தான் ஊர்ப்பட்ட பேர் இருக்கிறார்களே, கடைசி உயிர் கரையேறும்வரை நான் பெண்ணாகவே பிறக்கிறேன் என்று சபதம் செய்துவிட்டாளாம் அவள்.

மாமியாரின் முகம் வெளிறிப்போயிற்று. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கூடவே பயத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எழுபதாவது சுற்றில் நின்றிருந்தேன். மீதியைச் சுற்று என்று யாரும் சொல்லவில்லை. நானாகவே சுற்றி முடித்தேன், எதையும் கேட்காமல்.

மூத்ததுகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு பிரசவத்துக்கு ஸ்ரீரங்கம் போனேன். பெண் பிறந்தது. கடிதம் போட்டோம், பதில் இல்லை. வாசலில் ஜட்கா வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வருவாள்.

நாற்பதாம் நாள் மாமியார் பஸ் பிடித்து வந்தார். குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"உன் மேல தப்பில்ல. அந்த அம்மன் அப்படிப்பட்டவ, நமக்குத்தான் தெரியாம போச்சு. கிளம்பு, வீட்டுக்குப் போவோம்."

ஆறு வருடக் குடித்தனத்தில், என் மேல் தப்பில்லை என்று அந்த வீட்டு மனுஷி ஒருத்தி சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்த ஒரு வார்த்தையை நான் கேட்க, ஒரு தெய்வம் பழி சுமக்க வேண்டியிருந்தது.