வாடிய சோளமும் வேலிமசாலும்

யூரியா போட்ட மறுநாளே கொட்டிய மழை அத்தனையையும் வாய்க்காலுக்கு அடித்துக்கொண்டு போனது. ஒரே வருடத்தில் இரண்டாவது முறை. அடுத்து வந்த கோடையில் ஆழ்குழாய்க் கிணறும் காற்றை இழுக்க ஆரம்பித்தது. புவனகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் அரை ஏக்கர் தீவனப்புல் காய்ந்து பழுத்தது. ஆனியில் ஒரு மழை பெய்ததும் அதை உழுதுவிட்டு, தீவனச்சோளத்துக்கு இடையிடையே காராமணியும் வேலிமசால் என்ற தீவனச்செடியும் விதைத்தேன். இந்த இரண்டு செடியும் காற்றிலிருந்தே தழைச்சத்தை எடுத்து வேரில் சேர்க்கும், வறட்சியும் தாங்கும் என்று சிதம்பரத்தில் விதை கொடுத்த பெண் சொல்லியிருந்தார்.

என் கணவர் செம்மங்குப்பத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். "இருக்கற புல்லயும் அழிச்சிட்டு மூணு மாட்டுக்கும் என்னாத்தப் போடுவ?" என்றார்.

"வைக்கோல் இருக்கு, ரெண்டு மாசம் ஓட்டிடலாம்" என்றேன். நம்பிச் சொல்லவில்லை.

வேலிமசால் விதைக்குத் தோல் கெட்டி. சுடுதண்ணீரில் சில நிமிடம் போட்டு எடுத்துத்தான் விதைக்க வேண்டும். விதை வெந்துபோயிருக்குமோ என்ற பயத்தில் நாளுக்கு நான்கு முறை வயலுக்குப் போனேன். மற்ற இரண்டும் முளைத்தன, இது மட்டும் வரவில்லை. பொறுக்க முடியாமல் குச்சியால் மண்ணைக் கிளறி, வெளியே வர இருந்த முளைகளில் சிலவற்றை நானே உடைத்தேன்.

மீதி தப்பி வளர்ந்தது. அதன்பிறகு மழை இல்லை. சோளம் முழங்கால் உயரத்தில் இலையைச் சுருட்டிக்கொண்டது. காராமணி மட்டும் எப்படிப் பச்சையாக நிற்கிறது என்று ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தேன். வேரெல்லாம் சின்னச் சின்ன முடிச்சு. நகத்தால் நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. விதை கொடுத்த பெண் சொன்ன தழைச்சத்து இதில்தான் சேர்கிறது போல.

அன்று மதியமே பெரிய பசு கயிற்றை அறுத்துக்கொண்டு சோளத்துக்குள் புகுந்தது. நான் ஓடிப்போய் இழுத்து வருவதற்குள் அதற்குக் கால்கள் நடுங்கின, மூச்சு வாங்கியது. கொட்டகை வாசலில் விழுந்தது. கணவர் போனை எடுக்கவில்லை. கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுவிட்டு, அவர் ஸ்கூட்டரில் வந்து சேரும்வரை கொட்டகைக்கும் ரோட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

"எளஞ்சோளம் துன்னுச்சா?"

"ஆமா டாக்டர், கொஞ்சந்தான்."

"தண்ணி இல்லாம வாடுன எளஞ்சோளம் வெசம்மா. பூ எடுக்கற வரைக்கும் மாட்டுக்குக் காட்டாதீங்க." சொல்லிக்கொண்டே கழுத்து நரம்பில் மெதுவாக ஊசி ஏற்றினார். விதை கொடுத்த பெண் இதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பசு தலையைத் தூக்க ஒரு மணி நேரம் ஆனது. அது எழுந்து நின்றபோது நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாலையில் வந்த கணவர் திட்டவில்லை. "சோளத்த மொத்தமா புடுங்கிடலாமா?" என்று மட்டும் கேட்டார்.

"வேணாங்க. பூக்கட்டும். அதுவரைக்கும் காராமணியும் மசாலும் வைக்கோலோட கலந்து போடறேன்."

அப்படியே போட்டேன். பால் பெரிதாகக் குறையவில்லை. ஆவணியில் மழை வந்து சோளமும் தெளிந்து பூவெடுத்தது. முதல் கட்டுச் சோளத்தை அறுத்து வந்து பெரிய பசுவின் முன் வைத்துவிட்டு, அது மென்று முடிக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

"வேலைக்கு நேரமாச்சி, டிபன் எங்க?" என்று கணவர் உள்ளிருந்து கூப்பிட்டார்.

"நீங்களே போட்டுக்குங்க" என்றேன்.