சூரியன் மறித்த பத்து நிமிஷம்

களக்காட்டில் கேபிள் டி.வி. நடத்தும் பேச்சிராஜுக்குத் திரையில் படமில்லாமல் வெறும் புள்ளி ஓடினாலே பயம். டிஷ் மாட்டிக் கொடுத்த மெக்கானிக் சொல்லிவிட்டுப் போன பேச்சு அப்படி: "அந்தப் புள்ளியில கொஞ்சம், பிரபஞ்சம் பொறந்தப்ப உண்டான சூடு வே. இன்னும் முழுசா ஆறல."

அந்த மார்ச்சில், டெஸ்ட் மேட்ச் நடந்துகொண்டிருந்த ஒரு காலையில், ஊர் முழுக்கப் படம் போய்ப் புள்ளி ஓடியது. மொட்டைமாடிக்கு ஓடிய பேச்சிராஜ், டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கருவியின் நிழல் அதன் நட்டநடுவில் விழுந்திருப்பதைக் கண்டான். சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் சூரியன் வந்து நின்றிருந்தது. வெளிச்சத்தோடு ரேடியோ அலைகளையும் அது கொட்டுகிறது. அந்த இரைச்சலில் சாட்டிலைட்டின் குரல் அமுங்கிவிடுகிறது. மெக்கானிக் இதையும் சொல்லியிருந்தார். பத்து நிமிஷம் தொடாமல் இருந்தால் தானாகச் சரியாகிவிடும். டிஷ்ஷைத் திருப்பிவிட்டால் பழைய இடத்தைப் பிடிக்க ஒரு நாள் ஆகும்.

கீழே மேட்ச் பார்த்துக்கொண்டிருந்த சுடலைமாடன் நாலைந்து பேரோடு படியேறி வந்தான்.

"டிஷ்ஷத் திருப்புலே!"

"சூரியன் இரைச்சல் போடுது அண்ணாச்சி. பைய விலகிரும்."

"சூரியன் என்னலே, மைக்செட்டா வச்சிருக்கு? நீ திருப்புதியா, நாங்க திருப்பவா?"

பேச்சிராஜ் டிஷ் நிற்கும் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். ஒருவன் இழுத்த இழுப்பில் சட்டை கிழிந்தது, பிடி விடவில்லை. நிழல் மயிரிழை மயிரிழையாக நகர்ந்தது. கடைசியில் கீழே தெருவில் கைதட்டல் கேட்டது.

"தப்பிச்சலே" என்று சுடலைமாடன் இறங்கிப் போனான்.

பேச்சிராஜ் கம்பத்தை விடவில்லை. மேட்ச் இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. நாளைக்கும் இதே நேரத்துக்குச் சூரியன் அங்கே வந்து நிற்கும்.