மாவுக்கட்டுக்குள்ளிருந்து வந்த வாடை

கீழ்வீட்டுப் பெண்மணி தம் மகனின் மாவுக்கட்டு விளிம்பில் மூக்கை வைத்து, கண்மூடி, மூச்சை மெல்ல இழுத்த காட்சி நான்காண்டுகள் கழிந்தும் என்னை நடுங்கச் செய்கிறது.

சிங்காரப்பேட்டையில் பிறந்து, கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலையொன்றில் பழம் பிரிக்கும் வேலைக்கு வந்தவர் அவர். தோல் பொன்னாய் இருக்கும் பழம் உள்ளே கெட்டிருப்பதைக் காம்படியில் முகர்ந்தே ஒதுக்கிவிடுவார். அப்போது எட்டு அகவையான மகனுக்குப் பிறவியிலேயே மூளை முடக்குவாதம். பேச்சு இல்லை, ஆம் என்பதற்கு விழிகளை மேலே உயர்த்துவான். தசைகள் ஓயாது இறுகி இழுத்ததில் இடது தொடையெலும்பு இடுப்புக் குழியிலிருந்து நழுவிவிட்டது. பெங்களூரில் எலும்பை அறுத்துத் திருப்பித் தகடு பொருத்தி, மார்புக்குக் கீழிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டிட்டு அனுப்பினார்கள்.

மருத்துவமனை கொடுத்த ஆங்கிலக் குறிப்பைப் படித்துச் சொல்லும் பொறுப்பு, ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய எனக்கு வாய்த்தது. தசையிழுப்பால் சில வாரங்கள் அழுவது இயல்பு என்ற வரியை அழுத்திப் படித்தேன். அதன் கீழே கட்டுக்குள் புண், சீழ், எலும்பில் தொற்று என்று நீண்ட வரிகளை, தாயை அஞ்சவைப்பானேன் என்று விட்டுவிட்டேன். அதை இரக்கம் என்று அன்று எண்ணினேன்.

மூன்றாம் வாரம் சிறுவன் உண்பதை நிறுத்தினான். உரத்த அழுகை போய், மூச்சோடு ஒட்டிய முனகலாயிற்று. அது பழக்காலம், ஆலைக்கழிவின் புளித்த நெடி தெருவெங்கும் கிடந்தது. ஏதோ வாடை வருகிறதே என்று அவர் கேட்டபோது, அந்த நெடியாகத்தான் இருக்கும் என்றேன். அப்போதுதான் அவர் குனிந்து முகர்ந்தார். நிமிர்ந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"மாம்பழ வாடை எனக்குத் தெரியாதுங்களாய்யா? இது பையன் ஒடம்புல இருந்து வருதுங்க."

கணவர் ஒசூர்த் தொழிற்சாலையில் வேலையில் இருந்ததால் பெங்களூருக்கு நானே உடன் சென்றேன். மாநில எல்லையில் சுமையுந்துகளுக்கிடையே எங்கள் வாடகை வண்டி அசையாமல் நின்றது. சிறுவனின் நெற்றி கொதித்தது. "பின்னாடி வலிக்குதா சாமி?" என்றார் தாய். விழிகள் மேலே உயர்ந்தன. உயர்ந்தவை இறங்கவே இல்லை. அவன் போய்விட்டானோ என்று அஞ்சி நான் அவன் மூக்கருகே விரலை நீட்டினேன்; சுடுமூச்சு பட்டது.

மருத்துவமனையில் மாவுக்கட்டை வெட்டித் திறந்தபோது, முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கருத்த புண். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் எலும்பை எட்டியிருக்கும் என்றார் மருத்துவர். செவிலி தாயைப் பார்த்து, "பேப்பர்ல எழுதியிருந்துச்சே, பாக்கலியாம்மா?" என்று கேட்டார். தாய் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பல வாரங்களில் புண் ஆறியது. இடப்பக்க இடுப்பும் நிலைத்தது. சென்ற வாரம் எடுத்த ஊடுகதிர்ப் படத்தில் வலப்பக்க எலும்பு நழுவத் தொடங்கியிருக்கிறது. அறுவைக்கு இசைவு கேட்கும் தாளோடு அவர் நேற்று என் வீட்டுப் படியேறி வந்தார்.

"இந்த வாட்டி ஒரு வரி விடாமப் படிங்கய்யா. பயப்படறத நான் பாத்துக்கறேன்."

படித்தேன். நடுங்கியது என் குரல்தான். அவரோ ஒவ்வொரு தீங்கின் பெயரையும் ஒருமுறை தாமே சொல்லிப் பார்த்து, அடுத்த வரிக்குக் காத்திருந்தார்.