இழுத்துப் பிடிக்காத மண்

கட்டடப் பொறியாளர்கள் ஆபீசில் அவளுக்கு "ஸ்பிரிங் அக்கா" என்று பட்டப்பெயர், முதுகுக்குப் பின்னால்தான். கம்ப்யூட்டரில் கட்டடத்தின் மாதிரியைப் போடும் மற்றவர்கள் தூணின் அடியைப் பாறையில் அறைந்ததுபோல் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவள் மட்டும் பதினெட்டு வருஷமாக மாதிரியில் அடித்தளத்துக்குக் கீழே மண்ணுக்குப் பதில் வரிசையாக ஸ்பிரிங் வைப்பாள், களிமண்ணுக்குத் தளர்வாக, சரளைக்கு விறைப்பாக. மண் அமுங்கும் என்று ஒப்புக்கொள்ள இவர்களுக்கு என்ன கேடு என்று வாய்விட்டே திட்டுவாள்.

அன்று திட்டு வாங்கியவர் முதலாளி. பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி உயரமான தண்ணீர்த் தொட்டியைக் கட்டி முடித்துவிட்டு, அப்புறம் உறுதிச் சான்றிதழ் கேட்டு வந்திருந்தார்கள் புண்ணியவான்கள். மாதிரியை முதலாளியே போட்டார். ஸ்பிரிங்கும் வைத்தார், வைக்காமலே இருந்திருக்கலாம். தொட்டி காலியாக இருக்கையில் பெருங்காற்று அடித்தால் அடித்தளத்தின் ஒரு பக்கம் மேலே எழும்பத்தான் செய்யும். அவருடைய ஸ்பிரிங்குகளோ அதைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன.

"மண்ணு தாங்கும் சார். இழுத்துப் பிடிக்குமா? அதுக்கென்ன கையா இருக்கு?"

"கம்ப்யூட்டரே சரின்னு சொல்லுது. நீ ஏம்மா கெடந்து துள்ளுற?"

"நீங்க அதுகிட்ட பொய் சொன்னீங்க. அது உங்களுக்கே திருப்பிச் சொல்லுது."

இழுக்கிற ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டிக் காட்டினாள். பாதி அடித்தளம் அந்தரத்தில் நிற்க, தொட்டி பள்ளிக்கூடத்தின் பக்கம் சாய்ந்தது. அவர் திரையைப் பார்க்கவே இல்லை. "பாக்கலாம், பாக்கலாம்" என்றார். மறுநாளும் அதே பாட்டு. செவிடன் காதில் சங்கு ஊதி ஊதி, மூன்று வாரத்தில் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கடைசியில், அவள் கையெழுத்துக்கு இடம் விட்டு அச்சடித்த சான்றிதழை மேசையில் வைத்தார். அதை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு நேரே பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

தலைமையாசிரியை எல்லாவற்றையும் கேட்டார். உடனே எழுந்துபோய், சுவரோர வகுப்புகளை எதிர்ப்பக்கக் கட்டடத்துக்கு மாற்றினார். பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி ஓடினார்கள். பிறகுதான் அவர் இவள் பக்கம் திரும்பினார்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மூணு வாரமா. தினமும் சண்டை போட்டுட்டுத்தான் இருந்தேன் டீச்சர்."

"யார்கிட்ட?"

"எங்க முதலாளிகிட்ட."

"பிள்ளைங்க உங்க முதலாளி ஆபீஸ்லயா உக்காந்திருந்தாங்க?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டுவதற்கு இந்தத் தடவை தன்னைவிட்டால் வேறு ஆள் கிடைக்கவில்லை.